கடல்நாயும் உள்ளானும்

நிலத்தை ஐந்து திணைகளாகப் பகுத்த பழந்தமிழர், கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். கடல் வேறு, நிலம் வேறு என்று பிரித்து நிறுத்தாமல், இரண்டும் கூடும் இடத்தை ஒரு தனி நிலமாகவே அவர்கள் கொண்டனர். அப்பகுப்பின் நுட்பம், அவ்விடத்து உயிர்களை ஆராய்வோர்க்கு நன்கு விளங்கும். அவ்வுயிர்களுள் பல கடலுக்கே உரியனவும் அல்ல. நிலத்துக்கே உரியனவும் அல்ல. நீர் ஏறுவதையும் வற்றுவதையும் நோக்கியே அவற்றின் ஊணும் உறக்கமும் அமைகின்றன.

அத்தகைய உயிர்களுள் இரண்டை ஒப்புநோக்கிக் காண்போம். ஒன்று விலங்கு, மற்றொன்று பறவை. ஒன்று மீன் உண்ணும் கடல்நாய். மற்றொன்று மட்டி உண்ணும் உள்ளான். இவற்றுக்குள் உருவ ஒற்றுமை சிறிதும் இல்லை. ஆயினும் இவை ஒரே கரையில் ஒரே ஓதத்தை நம்பி வாழ்கின்றன. ஒன்றுக்கு வரும் இடர் பெரும்பாலும் மற்றொன்றுக்கும் வருகின்றது.

வாடன் கடல்

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கே வடகடல் உள்ளது. அதன் தென்கிழக்கு ஓரத்தில் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் என்னும் மூன்று நாடுகளையும் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமற்ற கடற்பகுதி ஒன்று பரந்து கிடக்கின்றது. அதற்கு வாடன் கடல் என்று பெயர். 'வாட்' என்பது அந்நாட்டார் மொழியில் ஓதத்தால் மூடப்பட்டும் திறக்கப்பட்டும் கிடக்கும் சேற்றுப் படுகையைக் குறிக்கும். வெளிப்புறத்தே தீவுகள் வரிசையாக நின்று, பேரலைகள் உட்புகாதவாறு அரண்போல் காக்கின்றன.

அங்கு நாள்தோறும் ஓதம் இருமுறை ஏறுகின்றது, இருமுறை வற்றுகின்றது. ஏறுவதற்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகின்றது. வற்றுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவே. ஏறியபொழுது காண்போர், எங்கும் நீரே என்பர். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று காண்போர், எங்கும் சேறும் மணலுமே என்பர். இடையிடையே ஆறுகள்போல் வளைந்தோடும் கால்வாய்களில் மட்டும் நீர் எஞ்சி நிற்கும். பயிர் விளையாத இச்சேற்றைப் பயனற்றது என்று எண்ணுதல் பிழை. அதனுள்ளே மட்டிகளும் புழுக்களும் சிறு நண்டுகளும் அளவின்றி வாழ்கின்றன. அவற்றை நம்பி ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பறவைகள் இங்கே இறங்கிச் செல்கின்றன. இதன் அருமை உணர்ந்தே, நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளைச் சார்ந்த பகுதியை 2009ஆம் ஆண்டிலும், டென்மார்க்கைச் சார்ந்த பகுதியை 2014ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இரண்டின் உருவம்

நம் ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் நீர்நாய் வேறு. சீல் எனப்படும் கடல்நாய் வேறு. கடல்நாய் இனத்தில் பல வகைகள் உண்டு. வாடன் கடலில் மிகுதியாகக் காணப்படுவது துறைமுகக் கடல்நாய் எனப்படுவது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும், வளர்ந்தபின் எண்பது, நூறு கிலோகிராம் எடையும் உடையது. இரு முனையும் ஒடுங்கிய உடல், உருண்ட தலை, பெரிய கரிய கண்கள், மூக்கின் இருபுறமும் விறைத்து நிற்கும் மீசை மயிர்கள், துடுப்பாக மாறிய கைகால்கள் ஆகியவை இதன் உறுப்புநலன்கள். நீரில் அம்புபோல் பாயும் இது, நிலத்தில் வயிற்றால் உந்தி உந்தியே நகர வேண்டும்.

உள்ளான் இனத்துப் பறவைகள் தமிழ்நாட்டார்க்குப் புதியன அல்ல. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து கோடியக்கரைக்கு வந்து, ஆழமற்ற நீரிலும் சேற்றிலும் இரை தேடும் சிறு பறவைகளுள் பல இவ்வினத்தைச் சார்ந்தவையே. வாடன் கடலில் கூட்டங்கூட்டமாக இறங்கும் ஓர் உள்ளானுக்கு ஆங்கிலத்தில் 'நாட்' என்று பெயர். அது புறாவினும் சிறியது. எடை நூற்று முப்பது கிராம் அளவினது. குளிர்காலத்தில் சாம்பல் நிறமாகத் தோன்றும்; கோடையில் முகமும் மார்பும் செங்கல் நிறம் பெறும்.

இப்பறவைக்கு 1758ஆம் ஆண்டில் இலத்தீன் பெயர் இட்ட லின்னேயசு என்னும் அறிஞர், 'கனூட்டசு' என்னும் சொல்லை அதற்கு வழங்கினார். இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் நார்வேயையும் ஒருங்கே ஆண்டு, 1035ஆம் ஆண்டில் மறைந்த கனூட் மன்னனின் பெயரைத் தழுவியது அச்சொல். அம்மன்னன் கடற்கரையில் இருக்கை இட்டு அமர்ந்து, ஏறிவரும் ஓதத்தை நில் என்று ஆணையிட்டதாகவும், ஓதம் அதனைப் பொருட்படுத்தாது அவன் கால்களை நனைத்ததாகவும், அதனால் மன்னர் வலிமையும் எல்லைக்குட்பட்டதே என்பதைத் தன்னைப் புகழ்வோர்க்கு அவன் உணர்த்தியதாகவும் ஒரு கதை வழங்குகின்றது. அலை விளிம்பில் ஓடியாடும் பறவையாதலின் இதற்கு அப்பெயர் பொருந்திற்று என்பர் சிலர்.

ஓதம் வகுத்த முறை

இவ்விரண்டு உயிர்களுக்கும் நாட்பொழுதை வகுப்பது ஞாயிறு மட்டும் அன்று, ஓதமும் ஆகும். ஓதம் வற்றி மணல்மேடுகள் வெளிப்படும்பொழுது கடல்நாய்கள் அவற்றின்மீது ஏறிப் படுத்து இளைப்பாறுகின்றன. அவ்வேளையில்தான் உள்ளான்கள் பசியோடு சேற்றில் இறங்கிப் பரபரப்பாக இரை தேடுகின்றன. ஓதம் ஏறியபின் மேடுகள் மறைகின்றன. கடல்நாய்கள் நீரில் இறங்குகின்றன. உள்ளான்கள் நனையாத உயர்ந்த மணற்பகுதிகளுக்குப் பறந்துசென்று, ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்று, ஒரு காலை மடக்கி, அலகைச் சிறகில் செருகி ஓய்வு கொள்கின்றன. ஒன்றுக்கு உழைக்கும் பொழுது மற்றொன்றுக்கு ஓய்வுப் பொழுது. இரவாயினும் இம்முறை மாறுவதில்லை. நள்ளிரவில் ஓதம் வற்றினும் உள்ளான் இரை தேடும்.

உற்றறியும் ஆற்றல்

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்தார். அவற்றுள் முதற்கண் வைக்கப்பட்டது உற்றறிதல், அதாவது தொட்டு உணர்தல். புல்லுக்கும் மரத்துக்கும்கூட உரியது என அவர் கொண்ட அறிவு அது. எல்லா உயிர்க்கும் பொதுவாகிய அவ்வறிவே கடல்நாயிடத்தும் உள்ளானிடத்தும் வியக்கத்தக்க உயர்நிலை அடைந்துள்ளது.

கடல்நாய் இரை தேடும் நீர் பெரும்பாலும் கலங்கல் நீர். இரவிலோ இருளே நிறைந்திருக்கும். அங்குக் கண்ணால் பயன் சிறிதே. ஆனால், நீந்திச் செல்லும் மீன் தன் பின்னே நீரில் மெல்லிய சுழல்களை விட்டுச் செல்கின்றது. மீன் சென்று மறைந்தபின்னும் சிறிது நேரம் அச்சுழல்கள் அடங்குவதில்லை. கடல்நாயின் மீசை அச்சுழல்களைத் தொட்டு அறிகின்றது. 2001ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இதனைச் சோதனையால் நிறுவினர். பழக்கப்பட்ட கடல்நாயின் கண்களை மூடி, காதுகளுக்கும் ஒலி எட்டாதவாறு செய்து, சிறு நீர்மூழ்கிப் பொறி ஒன்றை நீரில் ஓடவிட்டனர். அப்பொறி சென்று நின்றபின் கடல்நாயை விடுத்தனர். அது மீசையை முன்னோக்கி நீட்டி, பொறி சென்ற வழியைத் தவறாது பின்பற்றியது. பொறி வளைந்த இடத்தில் தானும் வளைந்தது. மீசையை உறையால் மூடியபோதோ அதனால் வழி காண இயலவில்லை. ஒவ்வொரு மீசை மயிரின் அடியிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகள் குவிந்துள்ளன. மேலும், அம்மயிர் உருண்டையாக இராமல் தட்டையாகவும், அலையலையான விளிம்புடனும் அமைந்துள்ளது. அதனால், தான் நீந்தும் வேகத்தில் மயிர் தானே அதிர்ந்து கடல்நாயை ஏமாற்றுவதில்லை.

உள்ளான் தேடும் இரையோ ஓடுவதில்லை, ஒளிந்திருக்கின்றது. மட்டி சேற்றின் அடியில் புதைந்து கிடக்கும். மேலே அதன் அடையாளம் ஒன்றும் தோன்றாது. உள்ளானின் அலகு மூன்றரைச் செண்டிமீட்டர் நீளமே உடையது. பரந்த சேற்றில் குருட்டாம்போக்கில் குத்திக்கொண்டே சென்றால், நாள் முழுதும் உழைத்தாலும் அதன் வயிறு நிறையாது. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் 1998ஆம் ஆண்டில் இதன் மறைபொருளை விளக்கினர். ஈர மணலில் அலகைச் செலுத்தும்போது, மணலின் இடைவெளிகளில் உள்ள நீர் அழுந்தி நாற்புறமும் விலகுகின்றது. அருகே கெட்டியான பொருள் ஒன்று இருப்பின், நீர் விலகுவதற்கு அது தடையாகின்றது. அதனால் அழுத்தத்தில் மிகச் சிறிய வேறுபாடு உண்டாகின்றது. அலகின் நுனியில் எலும்புக் குழிகளுக்குள் நிறைந்துள்ள நுண்ணுணர்வு உறுப்புகள் அவ்வேறுபாட்டை அறிகின்றன. மணலில் மட்டிக்கு மாறாகக் கல்லைப் புதைத்து வைத்தபோதும் உள்ளான் அது இருக்கும் இடத்தை அறிந்தது. ஆதலின், அது மணத்தாலோ இரையின் அசைவாலோ அறிவதன்று என்பது தெளிவாயிற்று.

இவ்விரண்டையும் ஒருசேர நோக்குக. கடல்நாய் தொடாத மீனை, அம்மீன் கலக்கிச் சென்ற நீரைத் தொட்டு அறிகின்றது. உள்ளான் தொடாத மட்டியை, அம்மட்டி தடுத்த நீரைத் தொட்டு அறிகின்றது. விலங்குக்கு மீசை, பறவைக்கு அலகு. இரண்டுக்கும் தூது செல்வது நீரே.

உடலைத் திருத்தும் திறம்

தொழிலுக்கு ஏற்ப உடலை மாற்றிக்கொள்வதிலும் இரண்டும் வல்லவை. நீரில் மூழ்குமுன் கடல்நாய் மூச்சை இழுத்து நிரப்பிக்கொள்ளும் என்று நாம் எண்ணுவோம். அதுவோ மூச்சை வெளியே விட்டே மூழ்குகின்றது. அதன் உயிர்வளி நுரையீரலைவிட மிகுதியாகக் குருதியிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ளது. மூழ்கியபின் இதயத்துடிப்பு மிகவும் தாழ்கின்றது. தேவை குறைந்த உறுப்புகளுக்குக் குருதி செல்வதும் சுருங்குகின்றது. அதனால் அது பல நிமிடங்கள் நீருக்குள் இருந்து வேட்டையாட முடிகின்றது. தோலின் அடியிலுள்ள தடித்த கொழுப்பு, வடகடலின் குளிரைத் தடுக்கும் போர்வையாகின்றது.

உள்ளான் மட்டியை ஓட்டோடு விழுங்குகின்றது. அதற்குப் பல் இல்லை. வயிற்றினுள் உள்ள வலிய தசைப்பையே ஓட்டை நொறுக்கும் அரைவைப்பையாகப் பயன்படுகின்றது. தடித்த ஓடுகளை உண்ணும் காலத்தில் அப்பை பருக்கின்றது. மென்மையான இரை கிடைக்குங்கால் சிறுக்கின்றது. நெடும்பயணத்துக்கு முன் நிகழ்வது இன்னும் வியப்பானது. சில வாரங்களில் அப்பறவை கொழுப்பைச் சேர்த்துத் தன் எடையை ஒன்றரை மடங்குக்கு மேலாகப் பெருக்குகின்றது. பறப்பதற்குரிய மார்புத் தசை வளர்கின்றது. பறக்கும்போது பயன்படாத குடலும் அரைவைப்பையும் சுருங்குகின்றன. தேவையற்ற சுமையை இறக்கிவிட்டு வழிநடைக்குப் புறப்படும் அறிவுடையோன் போல் அது வானில் எழுகின்றது.

வாடன் கடலுக்கு வரும் நாட் உள்ளான்களில் ஒரு பிரிவு, கோடையில் சைபீரியாவின் வடகோடியிலுள்ள தைமிர் தீபகற்பத்தில் குஞ்சு பொரிக்கின்றது. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியா நாட்டுக் கடற்கரையில் கழிக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 9000 கிலோமீட்டர் வழி. அவ்வழியின் நடுவே உணவளிக்கும் சத்திரம் வாடன் கடலே. சத்திரம் அடைபட்டால் வழிப்போக்கன் நிலை என்னாகும்?

மகவு பேணல்

ஈனும் முறையில் இவற்றின் வேறுபாடு பெரிது. பெண் கடல்நாய் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஜூன், ஜூலைத் திங்கள்களில், ஓதம் வற்றிய மணல்மேட்டில் குட்டி பிறக்கின்றது. அடுத்த ஓதம் சில மணி நேரத்தில் அம்மேட்டை மூடிவிடும். ஆதலின், பிறந்த அன்றே குட்டி நீந்த வேண்டும். அதற்கேற்ப, குட்டிக்கு உரிய மென்மயிர்ப் போர்வையை அது தாய் வயிற்றிலேயே களைந்துவிட்டுப் பிறக்கின்றது. தாயின் பாலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கொழுப்பு உள்ளது. பசுவின் பாலில் உள்ளதோ நான்கு பங்கு அளவே. பத்துக் கிலோகிராம் அளவில் பிறந்த குட்டி, நான்கு வாரங்களில் இரு மடங்குக்கு மேல் வளர்கின்றது. அதன்பின் தாய் அதனை விட்டு நீங்குகின்றது.

உள்ளான், தைமிரின் மரமற்ற வெளியில் தரையிலேயே கூடமைத்து நான்கு முட்டைகள் இடுகின்றது. ஆணும் பெண்ணும் மாறிமாறி மூன்று வாரங்கள் அடைகாக்கின்றன. குஞ்சுகள் பொரித்தவுடனே நடக்கின்றன. பூச்சிகளைத் தாமே கொத்தி உண்கின்றன. பெற்றோர் ஊட்டுவது இல்லை. தாய் விரைவில் தென்றிசை நோக்கிப் புறப்படுகின்றது; தந்தை மட்டும் குஞ்சுகள் பறக்கும் வரை உடனிருந்து காக்கின்றது. பின் அதுவும் புறப்படுகின்றது. இளம்பறவைகள் முன்பு கண்டிராத கடலை நோக்கி, மூத்தோர் துணையின்றி, தாமே வழியறிந்து செல்கின்றன.

ஒன்று தன் உடலைக் கரைத்து ஊட்டுகின்றது. மற்றொன்று ஊட்டாமலே வளர்க்கின்றது. எனினும் இரண்டு இனத்துக் குழவிகளும் மிக இளமையிலேயே தனித்து வாழக் கற்றுக்கொள்கின்றன. அவ்விளமையில் ஒரு சிறு இடையூறும் உயிருக்கு ஊறாக முடியும்.

நேர்ந்த இடர்கள்

பண்டு மக்கள் கடல்நாய்களைத் தோலுக்காகவும், மீனவர்க்குப் பகை எனக் கருதியும் வேட்டையாடினர். 1960ஆம் ஆண்டுகளிலும் 1970ஆம் ஆண்டுகளிலும் மூன்று நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேட்டையை நிறுத்தின. அதன்பின்னும் இடர் தீரவில்லை. தொழிற்சாலைக் கழிவுகள் ஆற்றின் வழியே கடலில் கலந்து மீனில் சேர்ந்தன. நெதர்லாந்தில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியில், வாடன் கடல் மீனை உண்ட பெண் கடல்நாய்களுள் குட்டி ஈன்றவை குறைவு என்றும், தூய்மையான கடல் மீனை உண்டவற்றுள் ஈன்றவை மிகுதி என்றும் 1986ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 1988ஆம் ஆண்டில் ஒரு கொள்ளைநோய் டென்மார்க்கின் அன்ஹோல்ட் தீவில் தோன்றிப் பரவியது. வாடன் கடலின் கடல்நாய்களில் பாதிக்கு மேற்பட்டவை மாண்டன. 2002ஆம் ஆண்டில் அதே தீவில் தோன்றிய அதே நோய் மீண்டும் பேரழிவு செய்தது.

இவ்விடர்களால் மூன்று நாடுகளும் ஓர் உண்மையைத் தெளிந்தன. கடல்நாய்க்கு நாட்டெல்லை இல்லை. ஆதலின் காப்பதற்கும் எல்லை இருத்தல் ஆகாது. 1990ஆம் ஆண்டில் அவை கடல்நாய்களைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. குட்டி ஈனும் காலத்தில் மணல்மேடுகளை மக்கள் நெருங்காவண்ணம் தடை விதித்தன. இரு கொள்ளைநோய்களுக்குப் பின்னும் கடல்நாய்கள் மீண்டும் பெருகின.

உள்ளானுக்கும் இடர் நேர்ந்தது. நெதர்லாந்துப் பகுதியில் மட்டிகளைப் பொறிகளால் வாரியெடுத்தனர். படுகையைக் கிளறியதால் மட்டிகள் குறைந்ததோடு, எஞ்சியவையும் சதை குன்றி ஓடு மிகுந்தனவாயின. அவற்றை அரைக்கப் போதிய பெரிய அரைவைப்பை இல்லாத பறவைகள் வாழ இயலாமற்போயின. நெதர்லாந்து அரசு 2005ஆம் ஆண்டு முதல் அம்முறையை நிறுத்தியது.

இன்னும் ஓர் இடர் தொலைவிலிருந்து வந்துகொண்டிருக்கின்றது. வெப்பம் மிகுவதால் தைமிரில் பனி முன்னைவிட விரைவில் உருகுகின்றது. பூச்சிகளும் முற்பட்டே பெருகி மறைகின்றன. உள்ளான் குஞ்சுகள் பொரிக்கும்போது விருந்து முடிந்துவிடுகின்றது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் பிறந்த உள்ளான்கள் உடல் சிறுத்தும் அலகு குறுகியும் வளர்கின்றன. அவை மொரிட்டானியாவை அடைந்தபின், ஆழத்தில் புதைந்துள்ள மட்டிகள் அவற்றின் அலகுக்கு எட்டுவதில்லை. ஆதலின் பல இளமையிலேயே மடிகின்றன. பனி நாட்டில் நேர்ந்த குறை, பாலைநாட்டின் கரையிலே பசியாக வெளிப்படுகின்றது.

மக்கள் கடமை

பெருந்தீங்குகளே தீங்குகள் என்பது இல்லை. மணல்மேட்டில் தனித்துக் கிடந்து கத்தும் கடல்நாய்க் குட்டியைக் கண்டு இரக்கத்தோடு ஒருவர் நெருங்குகின்றார். தாய் அருகே நீரில்தான் இருக்கும். மனிதரைக் கண்டு அஞ்சித் திரும்பாது. இரக்கமே அங்குப் பிரிவுக்குக் காரணமாகிவிடும். உயர்ந்த மணலில் ஓய்வு கொள்ளும் உள்ளான் கூட்டத்தை ஒருவர் விளையாட்டாக விரட்டுகின்றார். அவை எழுந்து வட்டமிட்டு மீண்டும் இறங்கும். ஆனால், பயணத்துக்கென்று சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதி வீணாகும். தொலைவில் நின்று காண்பதே இவ்வுயிர்களுக்கு நாம் செய்யும் முதல் உதவி.

வாடன் கடலின் சேற்றுப் படுகை, ஓதம் கொண்டுவந்து இடும் மணலாலும் வண்டலாலும் வளர்வது. கடல்மட்டம் சிறிது சிறிதாக உயரின் படுகையும் உடன் உயரும். கடல் விரைந்து உயர்ந்து படுகை பின்தங்குமாயின், வற்றும் பொழுதிலும் அது வெளிப்படாது. அப்போது கடல்நாய்க்குக் குட்டி ஈன மேடு இல்லை. உள்ளானுக்கு இரை தேடச் சேறு இல்லை.

ஓதத்தை நிறுத்தத் தன்னால் இயலாது என்பதைக் கனூட் மன்னன் கடற்கரையில் உணர்த்தியதாகக் கதை கூறுகின்றது. நிறுத்தும் ஆற்றல் இன்றும் மனிதர்க்கு இல்லை. ஆனால், தம் புகையாலும் வெப்பத்தாலும் கடலை உயர்த்தும் ஆற்றல் அவர்க்கு வந்துவிட்டது. அவ்வாற்றலை அடக்கி ஆள்வதே அறிவுடைமை. அவ்வறிவு நிலைக்குமாயின், ஓதம் வற்றும்தோறும் கடல்நாய் மேட்டில் ஏறிப் படுக்கும். உள்ளான் சேற்றில் இறங்கி அலகு பதிக்கும். ஆறு மணி நேரம் சென்றபின் இரண்டும் தத்தம் இடத்தை மீண்டும் மாற்றிக்கொள்ளும்.